போட்டுக்கொடுக்க மனம் வராத விமானிகள்

சிங்கப்பூரில் புகார் சொல்ல யாருக்கும் பெரிய தயக்கம் கிடையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே யாரோ பழைய மெத்தையைப் போட்டுவிட்டுப் போனால் அரை மணி நேரத்தில் ஒன்சர்விஸ் செயலியில் படம் ஏறிவிடும். விரைவுச்சாலையில் ஒருத்தன் சிக்னல் போடாமல் தடம் மாறினால், பின்னால் வருகிறவர் டேஷ்கேமில் பிடித்ததை சாயங்காலத்துக்குள் ஃபேஸ்புக்கில் போட்டு, கையோடு போக்குவரத்துப் போலிசுக்கும் அனுப்பிவிடுவார். மாடித் தாழ்வாரத்தில் சிகரெட் பிடித்தால்கூட எழுதிப் போட ஆள் உண்டு. இப்படிப்பட்ட ஊரில்தான், இருநூறு முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் விதியை மீறியதைக் கண்ணால் பார்த்தும் வாய் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர் என்று இல்லை, எந்த ஊர் விமானியைக் கேட்டாலும் இதே கதைதான்.

நான் விமானி இல்லை. விமானத்துக்கு அடியில் நின்று வேலை பார்த்தவன். இருபது வருடத்துக்கு மேல் பராமரிப்பில், பெரும்பாலும் இரவு ஷிப்ட். படியில் இறங்கி வரும் கேப்டனின் முகத்தை வைத்தே, இன்றைக்கு விமானக் கோளாறுகளைக் குறிக்கும் டெக் லாக்கில் எழுதியிருக்கிறாரா அல்லது வாயால் சொல்லிவிட்டுப் போகப் போகிறாரா என்று ஓரளவு கணித்துவிடலாம். "கொஞ்சம் தடால்னு வச்சிட்டோம், ஒரு பார்வை பார்த்துடுங்க" என்பார். எழுதிவிட்டால் சோதனை, சோதனை என்றால் தாமதம், தாமதம் என்றால் மேலிடத்துக் கேள்வி. எழுதாவிட்டால் எதுவும் இல்லை. தன்னைப் பற்றி எழுதவே இவ்வளவு யோசனை என்றால், அடுத்தவரைப் பற்றி எழுத எவ்வளவு யோசிப்பார்கள்?

போன வருடம் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் ஒரு தம்பியோடு நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எஃப்ஓ, அதாவது வலது பக்கம் உட்காரும் துணை விமானி. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். பேச்சுவாக்கில் ஒரு இரவு இறக்கத்தைப் பற்றிச் சொன்னான். விமானம் உயரமாகவும் வேகமாகவும் வந்துகொண்டிருந்தது. தரைக்கு ஆயிரம் அடி இருக்கும்போது வேகம், இறங்கும் வீதம், ஃபிளாப், சக்கரம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்க வேண்டும். கோ-அரவுண்ட் என்பார்கள். இவன் "அன்ஸ்டேபிள்" என்று சொல்லியிருக்கிறான். கேப்டன் தெரியும் என்று தலையாட்டிவிட்டு இறக்கிவிட்டார். சக்கரம் பட்டதே தெரியவில்லையாம், அவ்வளவு மென்மை.

"அப்புறம் என்ன பண்ணினே?"

"என்ன பண்றது அண்ணே, பார்க்கிங் பிரேக் போட்டுட்டு செக்லிஸ்ட் படிச்சேன்."

"ரிப்போர்ட் எதுவும் போடலையா?"

சிரித்தான். "மெஷின் சொல்லிடும் அண்ணே. நான் எதுக்கு?"

அந்த மெஷின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதில் பாதி பதில் இருக்கிறது.

விதிமீறல் என்றதும் நம் மனதில் வருகிறவன் குடித்துவிட்டு ஓட்டுகிறவன், பாலத்துக்கு அடியில் பறந்து காட்டுகிறவன். அவர்கள் அபூர்வம். அன்றாடம் நடப்பது இந்தத் தம்பி சொன்ன ரகம். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைக் என்கிற உளவியல் பேராசிரியரின் குழு 1990களில் ஒரு வேலை செய்தது: காக்பிட்டின் பின்னிருக்கையில் பயிற்சி பெற்ற ஆட்களை உட்காரவைத்து, யார் பெயரையும் குறிக்க மாட்டோம், யார் மேலும் நடவடிக்கை வராது என்று உறுதி கொடுத்துவிட்டு, நடப்பதை அப்படியே குறித்துக்கொண்டது. குறித்த பிழைகளில் பாதிக்கு மேல், தெரிந்தே செய்த விதிமீறல். செக்லிஸ்ட்டைப் பார்க்காமல் மனப்பாடமாக ஒப்பிப்பது, ஒருவர் சொல்லி ஒருவர் சரிபார்க்க வேண்டியதைத் தனியாகச் செய்வது, இப்படி. அவற்றில் ஏதாவது விளைவில் போய் முடிந்தவை 100க்கு 2 போலத்தான். மீதி 98 தடவையும் ஒன்றும் ஆவதில்லை, எல்லாரும் ஹோட்டலுக்குப் போய்த் தூங்குகிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: விதியை மீறிய குழுவினர் மற்ற பிழைகளையும் கூடுதலாகச் செய்தார்கள். ஆனால் அது பின்னால் உட்கார்ந்து எண்ணுகிறவருக்குத் தெரியும் விஷயம், முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

நம் தம்பி சொன்ன மாதிரியான இறக்கத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கணக்கு இருக்கிறது. ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற விமானப் பாதுகாப்பு அமைப்பு உலக அளவில் பார்த்ததில், நிலைக்கு வராத இறக்கங்களில் சுமார் 97 சதவீதத்தில் விமானிகள் கோ-அரவுண்ட் செய்யாமல் இறக்கிவிடுகிறார்கள். நூற்றுக்கு மூன்று பேர்தான் விதிப்படி நடக்கிறார்கள் என்றால், மீதி 97 பேரில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதிப்போடுவது எப்படி?

நம்மூர்ச் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 1980இல் அப்போதிருந்த விமானிகள் சங்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிர்வாகத்தோடு தகராறு வந்தபோது எடுத்த ஆயுதம் 'விதிப்படி வேலை'. பிரதமர் லீ குவான் இயூ நேரடியாகத் தலையிட்டார், சங்க நிர்வாகிகள் நீதிமன்றத்தில் நின்றார்கள், அடுத்த வருடம் சங்கத்தின் பதிவே போனது. இப்போதிருக்கும் சங்கம் அதற்குப் பிறகு வந்தது. அந்தத் தகராறின் நியாய அநியாயம் இங்கே வேண்டாம். விதிகளை ஒன்றுவிடாமல் பின்பற்றினாலே அது போராட்டம் ஆகிவிடுகிறது என்றால், மற்ற நாட்களில் வேலை எப்படி நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். அப்புறம், விமானிகளுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பழைய ஜாக்கிரதை உணர்வும் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

சரி, சொல்லாமல் இருப்பதற்கு என்ன காரணம்? "தொழில் பாசம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, கணக்கு அதைவிட அதிகம்.

ஒரு விமானியின் பிழைப்பு இரண்டு தாளில் தொங்குகிறது, லைசென்ஸ் ஒன்று, மருத்துவச் சான்றிதழ் ஒன்று. இரண்டையும் கொடுப்பது ஒரே ஆணையம், பறிப்பதும் அதே ஆணையம். பயிற்சிக்கு வீட்டை அடமானம் வைத்தவர் உண்டு, நிறுவனம் செலவழித்துவிட்டுப் பல வருட பாண்டில் கட்டிப்போட்டவர் உண்டு. வெளிநாட்டுக்காரர் என்றால் வேலை அனுமதியும் அதே வேலையோடு போய்விடும். நம் ஆட்கள் பேருந்து ஓட்டுநரோ கணக்காளரோ தப்பு செய்து மாட்டினால் வேறு இடம் பார்க்கலாம். பெரிய விமானம் ஓட்டுகிறவருக்கு வேறு இடம் என்றால் வேறு நாடு. இது உள்நாட்டுப் பயணமே இல்லாத ஊர், விமான நிறுவனங்களை விரல் விட்டு எண்ணலாம். ஒருவரைப் பற்றி ஆணையத்துக்கு எழுதுகிறவர், தான் எழுதுவது ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது வருடத்தைப் பற்றி என்று தெரிந்துதான் எழுத வேண்டும்.

பிறகு எழுதியவரின் கதை. இன்றைக்கு இடது இருக்கையில் இருக்கும் கேப்டன்தான் நாளைக்கு சிமுலேட்டரில் இவனுக்கு மார்க் போடுகிறவராக இருக்கலாம், கேப்டன் பதவிக்கு இவன் பெயர் வரும்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவராகவும் இருக்கலாம். மூடிய கதவுக்குள் இருந்தது இரண்டே பேர். பெயர் போடாமல் எழுதினாலும் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க துப்பறிவாளர் வேண்டியதில்லை, அன்றைய ரோஸ்டரைப் பார்த்தால் போதும். ஒருமுறை பெயர் வந்துவிட்டால் போகாது. நமக்குத்தான் அதற்கு ஒரு பெயரே இருக்கிறதே, எட்டப்பன். கட்டபொம்மனைத் தூக்கில் போட்டு இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தப் பெயர் இன்னும் பள்ளிக்கூட மைதானத்தில்கூடப் புழங்குகிறது. கோள் சொல்கிறவன், போட்டுக்கொடுக்கிறவன், காட்டிக்கொடுக்கிறவன் என்று இதற்கு நம் மொழியில் வார்த்தைகளுக்குப் பஞ்சமே இல்லை; இதையே நல்ல அர்த்தத்தில் சொல்ல ஒரு வார்த்தை தேடினால் 'தகவல் அளிப்பவர்' என்று அரசாங்க நோட்டீஸ் மாதிரிதான் வருகிறது.

இதற்கு மேல் பதவி வித்தியாசம். டெனரீஃபில் 1977 மார்ச் 27 அன்று இரண்டு ஜம்போக்கள் மோதி 583 பேர் செத்தார்களே, அதில் கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் எதிர் விமானம் ஓடுபாதையை விட்டுப் போகவில்லையோ என்று கேட்டார். ஓட்டிக்கொண்டிருந்தவர் அந்த நிறுவனத்தின் பயிற்சித் தலைவர். போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார், பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. மங்களூரில் 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் போனார்கள். கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருக்கிறார், குறட்டைச் சத்தம் காக்பிட் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது, இறங்கும்போது துணை விமானி மூன்று தடவை கோ-அரவுண்ட் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை. தன் உயிரே போகிற நேரத்தில் பெரியவரை இடித்துரைக்கத் தயங்குகிறவர், பத்திரமாக வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பெரியவரைப் பற்றி ஆணையத்துக்குக் கடிதம் எழுதுவார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

ஆணையங்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்துகொள்ள ஒரு மலை தேவைப்பட்டது. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் 727 விமானம் ஒன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்க வந்தபோது வர்ஜீனியாவில் ஒரு மலைமுகட்டில் மோதி, இருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்க அனுமதி என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை, இப்போதே கீழே போகலாம் என்று விமானிகள் புரிந்துகொண்டார்கள். விசாரணையில் வெளிவந்ததுதான் வயிற்றைக் கலக்கியது: ஆறு வாரத்துக்கு முன்னால் யுனைட்டெட் விமானம் ஒன்று அதே அனுமதியை அதே மாதிரி புரிந்துகொண்டு, அதே முகட்டை மயிரிழையில் தாண்டியிருக்கிறது. அந்த நிறுவனத்தில் விமானிகள் பயமில்லாமல் சொல்ல ஒரு உள்ளேற்பாடு புதிதாகத் தொடங்கியிருந்ததால் அவர்கள் சொன்னார்கள், நிறுவனம் தன் விமானிகள் எல்லாரையும் எச்சரித்தது. வெளியே இருந்த டிடபிள்யூஏ விமானிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர வழியே இல்லை.

அமெரிக்க ஆணையமான எஃப்ஏஏ 1975இல் தானே ஒரு திட்டம் தொடங்கியது: நடந்ததைச் சொல்லுங்கள், தண்டிக்க மாட்டோம். விமானிகள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள், பிரம்பை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் வா என்று கூப்பிட்டால்? அடுத்த வருடமே வேலையை நாசாவிடம் ஒப்படைத்தார்கள். நாசாவுக்கு லைசென்ஸ் கொடுக்கவும் தெரியாது, பறிக்கவும் தெரியாது. அதுதான் அதன் தகுதி. ஏஎஸ்ஆர்எஸ் என்று இன்றும் ஓடுகிறது, இதுவரை இருபது லட்சத்துக்கும் மேல் அறிக்கைகள் வந்திருக்கின்றன. படிவத்தின் மேல் பகுதியில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஆய்வாளர் தேவையானால் அழைத்துப் பேசிவிட்டு, அந்தத் துண்டை மட்டும் கிழித்து, தேதி முத்திரை குத்தி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். பத்து நாளுக்குள் அனுப்பியிருந்தால், தெரியாமல் நடந்த மீறலுக்கு பின்னால் எஃப்ஏஏ நடவடிக்கை எடுத்தாலும் லைசென்ஸ் நிறுத்தமோ அபராதமோ கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் அந்தச் சலுகையைப் பயன்படுத்த முடியும். விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் கிடையாது, வேண்டுமென்றே செய்ததற்கும் கிடையாது.

பிரிட்டனில் 1982 முதல் சர்ப் என்று ஒன்று. டென்மார்க்கில் 2001இல் சட்டத்தையே மாற்றி, அறிக்கை கொடுப்பவரைத் தண்டிக்கக் கூடாது, பெயரை வெளியிடக் கூடாது என்று வைத்தார்கள். அதுவரை வருடத்துக்குப் பதினைந்து போல வந்துகொண்டிருந்த விமானக் கட்டுப்பாட்டாளர்களின் அறிக்கைகள் முதல் வருடத்திலேயே தொள்ளாயிரத்தைத் தாண்டின. வானத்தில் திடீரென்று ஆபத்து பெருகிவிடவில்லை, வாய் திறந்தது, அவ்வளவே.

சிங்கப்பூரிலும் ஏற்பாடு உண்டு. லைசென்ஸ் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். பெயர் காக்கும் அறிக்கைகளை வாங்கும் சின்கேர் என்ற திட்டத்தை நடத்துவது போக்குவரத்து அமைச்சில் இருக்கும் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு. விபத்தை விசாரிப்பதும் அந்தப் பிரிவுதான், ஆனால் பழி சுமத்துவது அதன் வேலை இல்லை. நாசா கதையில் பார்த்த அதே பிரிப்பு. இரண்டும் ஒரே அமைச்சின் கீழ்தானே என்று கேட்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நம்மூரில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை, எனக்கே வெகு நாள் உறைக்கவில்லை. மேலே சொன்ன ஏற்பாடுகளில் நன்றாக ஓடுவதெல்லாம் நான் தப்பு செய்தேன் என்று சொல்கிற வழி. அவர் தப்பு செய்தார் என்று சொல்ல அதே படிவத்தைப் பயன்படுத்தலாம்தான், ஆனால் சலுகை எல்லாம் எழுதுகிறவருக்கு. எழுதப்படுகிறவருக்கு அந்தத் தாள் ஒன்றும் செய்யாது. அமெரிக்க விமான நிறுவனங்களில் ஏசாப் என்று இன்னொன்று இருக்கிறது, நிறுவனம், சங்கம், எஃப்ஏஏ மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அறிக்கைகளைப் பார்க்கும். அதில் ஒரே காக்பிட்டில் இருந்த ஒருவர் அறிக்கை போட்டு மற்றவர் போடாவிட்டால், போடாதவருக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால் அங்கே நல்ல விமானி முதலில் செய்வது என்ன தெரியுமா? "நான் போடப் போறேன், நீங்களும் போட்டுடுங்க" என்று பக்கத்து ஆளிடம் சொல்வது. போட்டுக்கொடுப்பது அப்படியே சேர்ந்து எழுதுவதாக மாறிவிடுகிறது. இதை வடிவமைத்தவருக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

அப்படியும் சேர்ந்து எழுத வராதவர்கள் இருப்பார்களே, அவர்களுக்கு அங்குள்ள சங்கங்கள் வைத்திருப்பது ஏறக்குறைய நம்மூர்ப் பஞ்சாயத்து. புரொஃபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் கமிட்டி என்பார்கள். அந்தக் கேப்டனோடு பறக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்று போய்ச் சொன்னால், கமிட்டியில் இருக்கும் ஒரு மூத்த விமானி அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காப்பியோடு பேசுவார். ஆணையத்துக்குப் போகாது, நிர்வாகத்துக்கும் போகாது. குடிப்பழக்கத்துக்கு ஹிம்ஸ் என்று 1970களிலிருந்து ஒரு ஏற்பாடு. சிகிச்சை, கண்காணிப்பு, பிறகு வேலைக்குத் திரும்புதல். ஆயிரக்கணக்கான விமானிகள் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். லைசென்ஸ் போகாது என்று தெரிந்தால் நண்பனைப் பற்றிச் சொல்ல நாக்கு வருகிறது, பெரும்பாலும் நண்பனின் நன்மைக்காகவே.

ஆனால் பஞ்சாயத்துக்கு உள்ள குறையும் அப்படியே வரும். பெரிய மனுஷன் கேட்கவில்லை என்றால்? 1994இல் வாஷிங்டன் மாநிலத்து ஃபேர்சைல்ட் விமானப்படைத் தளத்தில் நடந்தது ராணுவக் கதை, இருந்தாலும் இந்த விஷயம் பேசுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. பட் ஹாலண்ட் என்பவர் பி-52 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தின் விமானி. பல வருடமாக, பல விமானக் கண்காட்சிகளில், அனுமதித்த சாய்வை மீறியும், அனுமதித்த உயரத்துக்குக் கீழேயும் போய்ப் போய்ப் பழகியவர். எல்லாருக்கும் தெரியும். அவரோடு பறக்க மாட்டோம் என்று சொன்ன வீரர்களும் உண்டு. மேலதிகாரிகள் சில வருடத்துக்கு ஒருமுறை மாறிப் போவார்கள். கண்டித்தவரும் வாய்மொழியாகக் கண்டித்தார், எதையும் எழுதி வைக்கவில்லை. அதனால் புதிதாக வருகிற அதிகாரியின் கோப்பில் ஹாலண்ட் மாசுமருவற்ற விமானி. மார்க் மெக்கீஹன் என்ற படைப்பிரிவுத் தலைவர் மட்டும், இவரைப் பறக்க விடாமல் நிறுத்துங்கள் என்று நேராகக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவு விசித்திரமானது: தன் ஆட்களை ஹாலண்டோடு அனுப்பாமல், ஹாலண்ட் பறக்கும்போதெல்லாம் தானே துணை விமானியாக உட்காருவது. ஜூன் 24 அன்று கண்காட்சி ஒத்திகையில் ஹாலண்ட் கோபுரத்தைச் சுற்றி விமானத்தைச் செங்குத்தாகச் சாய்த்தார், விழுந்தது, நான்கு பேரும் இறந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் மெக்கீஹன்.

இந்தக் கதையில் சொல்ல வேண்டியவர் சொன்னார் என்பதை மறக்கக் கூடாது. சொன்னது போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை. எனக்கு இந்த விஷயத்தில் இருக்கிற ஒரே உறுதியான கருத்தும் அதுதான்: விமானிகளுக்குத் தைரியம் இல்லை, மனசாட்சி இல்லை என்று பேசுவது வீண்பேச்சு, யாரிடம் சொல்வது என்பதைத்தான் பார்க்க வேண்டும். லைசென்ஸ் பறிக்கிறவரிடம் சொல்ல மாட்டார்கள். ஒன்றுமே செய்ய முடியாதவரிடம் சொல்லிப் பயனில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

நடுவில் ஆள் இல்லாத இடத்தில் யார் சொல்கிறார்கள்? சம்பந்தமே இல்லாதவர்கள். 1990 மார்ச்சில் அமெரிக்காவின் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்கு நார்த்வெஸ்ட் விமானத்தை ஓட்டிய மூன்று பேரும் முந்திய இரவு நிறையக் குடித்தவர்கள். எஃப்ஏஏவுக்குத் தகவல் சொன்னது அதே மதுக்கடையில் இருந்த ஒரு முன்பின் தெரியாத ஆள். மூவரும் இறங்கியதும் கைதானார்கள், சிறைக்குப் போனார்கள். அதில் கேப்டன் குடியை விட்டு, மறுபடி லைசென்ஸ் எடுத்து, அதே நிறுவனத்திலேயே 747 ஓட்டி ஓய்வு பெற்றார் என்பது தனிக் கதை. மூவரில் ஒருவராவது விடியற்காலையில் மற்ற இருவரையும் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். மூவரும் ஒரே மேஜையில் குடித்தவர்கள், யார் யாரைச் சொல்வது?

2018இல் சிங்கப்பூர் விமானி ஒருவர் மெல்பர்னில் திடீர் மது சோதனையில் சிக்கி, விமானமே ரத்தானது நினைவிருக்கும். அடுத்த வருடம் சாங்கியிலும் திடீர் சோதனை வந்தது. ஊது என்று கருவியை நீட்டுகிறவருக்கு யார் முகத்தையும் நாளைக்குப் பார்க்க வேண்டியதில்லை. சகபாடி சொல்வார் என்று காத்திருப்பதை ஆணையங்கள் விட்டுவிட்டதற்கு இதுவும் ஒரு அடையாளம் என்று நினைக்கிறேன்.

இப்போது தம்பி சொன்ன மெஷின். 27,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள விமானங்களை இயக்கும் நிறுவனங்கள் பறப்புத் தரவுகளைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்பது உலக விதி. ஒவ்வொரு பறப்பின் வேகம், உயரம், சாய்வு எல்லாம் ஒரு பெட்டியில் பதிவாகி, தரையில் கணினியில் போய் விழும். ஆயிரம் அடியில் நிலைக்கு வராமல் இறங்கினால் அங்கே சிவப்பு. அதைப் பார்த்து, சம்பந்தப்பட்ட விமானியோடு ரகசியமாகப் பேச ஒரு நம்பிக்கையான விமானியை வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. எஃப்ஓவுக்கு இது பெரிய நிம்மதி. அவன் எட்டப்பனாக வேண்டியதில்லை.

பெட்டி எதைச் சொல்லாது என்பதையும் யோசிக்க வேண்டும். கேப்டன் தூக்கமில்லாமல் வந்தார், வீட்டில் பிரச்சினை, எஃப்ஓவின் குரலைக் கேட்டாலே எரிந்து விழுந்தார், இதெல்லாம் அதில் பதிவாகாது. பார்க்க ஆள் இல்லாவிட்டால் பெட்டியில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் பெட்ஃபோர்டில் ஒரு தனியார் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் மேலே எழும்பாமல் ஓடுபாதையைத் தாண்டி எரிந்து ஏழு பேர் இறந்தார்கள். நிற்கும்போது விமானத்தைத் திருப்பும் மடல்கள் காற்றில் அசையாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பியிருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் ஸ்டியரிங்கை முழுக்க அசைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்திருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். விசாரணையாளர்கள் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள்: கடைசி 175 புறப்பாடுகளில் 173இல் அந்தச் சோதனை முழுதாகச் செய்யப்படவில்லை. இரண்டு விமானிகளும் பல வருடம் ஜோடியாகப் பறந்தவர்கள். ஒருவர் தப்பை மற்றவர் சொல்ல வேண்டும் என்றால் முதலில் அது தப்பு என்று தோன்ற வேண்டுமே. நூறு தடவை சேர்ந்து செய்தது பழக்கம் ஆகிவிட்டது. சிலேத்தார் விமான நிலையத்தில் நிற்கும் சின்னப் பயிற்சி விமானங்களில் இந்தப் பெட்டியும் கட்டாயம் இல்லை. அங்கே பழையபடி மனிதர்கள் கண்தான்.

பக்கத்து நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வட்டாரத்து விமானிகள் வாயை மூடிக்கொண்டதில் அதற்குப் பங்கு உண்டு. 2007 மார்ச்சில் யோக்யகர்த்தாவில் கருடா விமானம் மிக வேகமாக இறங்கி ஓடுபாதையைத் தாண்டி 21 பேர் இறந்தார்கள். எஃப்ஓ கோ-அரவுண்ட் கேட்டிருக்கிறார், கருவியும் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேப்டனைக் குற்றவியல் வழக்கில் நிறுத்தி 2009இல் இரண்டு வருடத் தண்டனை கொடுத்தார்கள், மேல்முறையீட்டில் அது போய்விட்டது. அவர் செய்தது பெரிய தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஜஸ்ட் கல்ச்சர் என்று எல்லா நிறுவனங்களும் சுவரில் ஒட்டி வைத்திருப்பதை, அதாவது தவறியவரைத் தண்டிக்காதே, திமிரில் செய்தவரை விடாதே என்பதை, அந்த வழக்குக்குப் பிறகு விமானிகள் வேறு கண்ணோடு படித்தார்கள். எது தவறு, எது திமிர் என்று முடிவு செய்யப்போவது யார்? நீதிபதியா, போலிசா? அதுவரை வாயை மூடிக்கொள்வோம்.

வானத்தை விட்டு இறங்கினாலும் இதே கதைதான். கட்டுமானத் தளத்தில், கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நம் அண்ணன் தம்பிகளைக் கேளுங்கள். 2022இல் இங்கே வேலையிடத்தில் 46 பேர் இறந்தார்கள், மனிதவள அமைச்சு கெடுபிடியை ஏற்றியது, ஆபத்தைப் படம் எடுத்து அனுப்பச் செயலியும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் பெல்ட் மாட்டாமல் ஏறுகிறவன் ஒரே அறையில் படுத்துத் தூங்குகிறவன். அவன் பெர்மிட் போனால் ஊரில் வட்டி கட்ட ஆள் இல்லை. யார் படம் எடுப்பார்?

நானும் எடுத்ததில்லை. பல வருடத்துக்கு முன்னால் ஒரு இரவு, மூன்று மணி இருக்கும், என்னோடு வேலை செய்தவன் ஒரு பேனலை மூடிவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் கருவி அறையை விட்டே வரவில்லை என்பது எனக்குத் தெரியும், கையால் முறுக்கிவிட்டு அளவு சரி என்று எழுதியிருக்கிறான். நல்ல வேலைக்காரன், அன்று அவன் மகனுக்குக் காய்ச்சல், ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் போன பிறகு ரெஞ்சை எடுத்துவந்து பேனலைத் திறந்து, ஒவ்வொரு போல்ட்டாக அளவு பார்த்து முறுக்கினேன். எட்டில் இரண்டு தளர்ந்திருந்தன. யாரிடமும் சொல்லவில்லை, தாளிலும் எழுதவில்லை, அதாவது அந்த இரவு விதியை மீறியவர்கள் இரண்டு பேர்.

மறுநாள் கேன்டீனில் அவன் எதுவும் பேசாமல் என் முன்னால் ஒரு கோப்பி-ஓ வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். கருவி அறைப் பதிவேட்டில் என் கையெழுத்தைப் பார்த்திருப்பான். காற்பந்து பற்றிப் பேசினோம். அதற்குப் பிறகு அவன் ரெஞ்ச் இல்லாமல் மூடியதை நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் எத்தனை மூடினான் என்று அவனிடம் கேட்டதும் இல்லை.